அணையும் அணைத்தலும்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் எண்பது அடிக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் பண்ணவாடிப் பரிசல்துறையில் கூட்டம் கூடுவதைச் சேலத்து மக்கள் நன்கறிவர். ஆண்டின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்து கிடக்கும் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் அப்போது மெல்லத் தலைகாட்டும். நீர் மேலும் வடிந்து எழுபது அடியை நெருங்கினால், பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் வெளிப்படும். கோபுரத்தையும் நந்தியையும் கண்டு வியந்து திரும்புவோர் பலர். அவை ஏன் நீருக்குள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அணை எழுமுன் அங்கே ஊர்கள் இருந்தன. நாயம்பாடி போன்ற அவ்வூர்களில் மக்கள் உழுதனர், மணந்தனர், மகவு பெற்றனர், இறந்தோரைப் புதைத்தனர், மணியோசை கேட்டு ஆலயம் சென்றனர். அணைக்காக அவர்கள் அனைவரும் வெளியேறினர். எடுத்துச் செல்ல முடிந்தவற்றை எடுத்துச் சென்றனர். கோபுரத்தை எடுத்துச் செல்ல முடியவில்லை.

நீரில் மூழ்கிய அந்த ஆலயத்துக்கும், இரவெல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் ஒளிர்ந்து கொண்டிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியின் சிறு சிவப்புப் புள்ளிக்கும் தொடர்பு ஏதேனும் உண்டோ? உண்டு என்பதே நம் எண்ணம். அந்தத் தொடர்பைக் காண வேண்டுமாயின், நம் மண்ணில் மின்சாரம் வந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும்.

நீர் ஒளியான வரலாறு

காவிரி நீர் குறித்துச் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே 1924ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டே மேட்டூரில் அணை கட்டும் பணி தொடங்கியது. பொறியாளர் எல்லிசு வகுத்த திட்டத்தின்படி எழுந்த அவ்வணை 1934 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கும் அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. எனக் கணக்கிடப்பட்டது. தன் காலத்தில் உலகின் பெரிய அணைகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது.

சேலம் மறைமாவட்டம் பிறந்ததும் அதே காலத்தில்தான் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். அணைப்பணி பாதி வழியில் இருந்த 1930ஆம் ஆண்டில், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் சேலத்தைத் தனி மறைமாவட்டமாக அறிவித்தார். பாரிஸ் வேதபோதக சபையைச் சார்ந்த ஆயர் புருனியே அதன் முதல் ஆயரானார். கல்லும் சுண்ணாம்பும் சுமந்து அணை கட்டிய கூலி மக்களும், நிலம் விட்டு வெளியேறிய குடும்பங்களும், புதிதாய்ப் பிறந்த மறைமாவட்டமும் ஒரே காலத்தவர்.

அணையின் முதல் நோக்கம் பாசனமே, மின்சாரம் அன்று. அதை மறைத்தல் நேர்மையாகாது. அந்தப் பாசனமும் பெரும்பாலும் தொலைவிலிருந்த தஞ்சைத் தரணிக்கே உரியதாயிருந்தது. அணையின் காலடியில் வாழ்ந்த சேலத்து உழவனுக்கு மேட்டூர்க் கிழக்கு மேற்குக் கரைக் கால்வாய்கள் வழியே நீர் கிடைத்தது 1955இல்தான். ஆயினும், திறந்துவிடப்படும் நீர் சும்மா விழுந்து போகாமல் சுழலியைச் சுழற்றிவிட்டுப் போகட்டும் என்ற எண்ணத்தில் அணையடியில் மின் நிலையம் அமைக்கப்பட்டது. 1937இல் அது மின்சாரம் வழங்கத் தொடங்கியது. நீலகிரியில் பைக்காரா 1932இலேயே ஒளி தந்திருந்தது. பைக்காராவும் மேட்டூருமே மாகாணத்தின் மேற்குப் பகுதியை இருளிலிருந்து மீட்ட முதல் இரு பெரும் நீர்மின் நிலையங்கள் எனலாம்.

மின்சாரம் வந்த இடத்துக்குத் தொழிலும் வந்தது. 1936இல் மேட்டூர் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அறுபதுகளின் நடுவில் சேர்வராயன் மலையின் பாக்சைட்டு மண்ணை அலுமினியமாக்கும் ஆலை அங்கு எழுந்தது. அலுமினியம் என்பதே ஒருவகையில் உறைந்த மின்சாரந்தான் என்று அத்துறையினர் சொல்வர். அவ்வளவு மின்சாரத்தை அது விழுங்கும். நகரங்களில் சேலம்–ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் வீடுகளுக்கு இணைப்பு வழங்கியது. 1957 ஜூலை முதல் நாள் மாநில மின்சார வாரியம் உருவாயிற்று. காமராசர் முதலமைச்சராயிருந்த ஆண்டுகளில் மின்கம்பங்கள் ஊர்தோறும் நடப்பட்டன. எடப்பாடியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி ஒலித்தது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கைச் சவ்வரிசியாக்கும் ஆலைகள் ஓடின. நாமக்கல்லில் குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் மின்சாரத்தால் சூடேறின. கவலை ஏற்றி நீர் இறைத்த கிணற்று மேட்டில் மின்மோட்டார் அமர்ந்தது.

தேவை வளர வளர, ஒரு மின் நிலையம் போதவில்லை. அறுபதுகளின் நடுவில் மேட்டூரில் 200 மெகாவாட் திறனுள்ள சுரங்க மின் நிலையம் வந்தது. எண்பதுகளின் இறுதியில் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் காவிரியின் குறுக்கே கதவணைகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்க வழி செய்தனர். ஆற்றால் மட்டும் இயலாது என்று கண்டபோது நிலக்கரி வந்தது. 1987க்கும் 1990க்கும் இடையில் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் நான்கு பிரிவுகள், மொத்தம் 840 மெகாவாட், இயங்கத் தொடங்கின. 2013இல் மேலும் 600 மெகாவாட் சேர்ந்தது. ஒளியோடு சாம்பலும் வந்தது.

காசு கணக்கில் சிந்திய இரத்தம்

மின்சாரத்தை நம் மக்கள் எவ்வளவு அருமையாக மதித்தனர் என்பதற்குச் சான்று வேண்டுவோர் எழுபதுகளின் உழவர் போராட்டங்களைப் பார்க்க வேண்டும். பாசன மோட்டாருக்கான கட்டணம் யூனிட்டுக்குச் சில காசுகள் உயர்த்தப்பட்டதை எதிர்த்து, நாராயணசாமி நாயுடு போன்றோர் தலைமையில் கொங்கு நாட்டு உழவர்கள் திரண்டனர். 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1972இல் சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்திலும் குண்டுகள் பாய்ந்தன. உழவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது பெருஞ்செல்வம் அன்று. யூனிட்டுக்குச் சில காசுகள். ஒரு யூனிட் மின்சாரம் என்பது அவர்களுக்குக் கிணற்றிலிருந்து ஏறும் நீர். காயாமல் நிற்கும் பயிர். அடுத்த ஆண்டும் கையில் நிற்கும் நிலம்.

1984இல் சிறு உழவர்களுக்கும், 1990இல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 2006இல் விசைத்தறியாளருக்கு இரு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்றாயிற்று. 2016இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக வழங்கப்பட்டது. எளியோரின் சுமையைக் குறைத்த இச்செயல்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விலை தெரிந்த பொருளைக் கை தானாகவே அளந்து செலவிடும். விலை மறைந்த பொருளை அளக்க மனம் தனியே பயில வேண்டும். இரவில் எந்நேரம் மும்முனை மின்சாரம் வருமோ என்று அறியாத உழவர் தானியங்கி ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டு உறங்கினார். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடியது. வயல் நிறைந்த பின்னும் ஓடியது. நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்ட மண்ணில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கு நாடெங்கும் பெயர்பெற்ற திருச்செங்கோட்டுச் சுற்றுப்புறத்திலேயே இந்த நிலை.

விழித்திருக்கும் பெட்டி

அணையின் கதையை விட்டு இப்போது வீட்டுக்குள் வருவோம்.

முற்கால மின்பொருள்களுக்கு இரண்டே நிலைகள் இருந்தன. பித்தளை முனை கொண்ட சுவிட்சைக் கீழே தள்ளினால் விளக்கு எரியும். மேலே தள்ளினால் அணையும். வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பினால் கிளிக் என்ற ஓசையுடன் உயிர் வரும். எதிர்ப்புறம் திருப்பினால் அதே ஓசையுடன் உயிர் போகும். 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின் நம் இல்லங்களுக்கு வந்த சாலிடேர், டயனோரா போன்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் அவ்வாறே திருகால் அணைபவையே. அணைத்தல் என்றால் அணைத்தல்தான்.

மூன்றாம் நிலை ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. செனித் என்ற நிறுவனம் 1956இல் ஸ்பேஸ் கமாண்டு என்னும் கம்பியில்லாக் கைக்கருவியை விற்பனைக்கு விட்டது. இராபர்ட் ஆட்லர் என்ற அறிவியலார் வகுத்த அக்கருவி, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியால் பெட்டிக்குக் கட்டளையிட்டது. நாற்காலியை விட்டு எழாமலே பெட்டியை இயக்கலாம் என்பது பெரும் வசதி. ஆனால் அந்த வசதிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. தொலைவிலிருந்து வரும் கட்டளையைக் கேட்க வேண்டுமாயின், அணைக்கப்பட்ட பெட்டிக்குள்ளும் ஏதோ ஒரு பகுதி விழித்திருக்க வேண்டும். உறங்குபவன் செவி மட்டும் உறங்காதிருப்பது போன்றது அது. அறுபதுகளில் வேறொரு புதுமையும் வந்தது. பொத்தானை அழுத்தியவுடன் காலம் தாழ்த்தாமல் படம் தெரிய வேண்டும் என்பதற்காக, பெட்டியின் உள்ளே இருந்த வால்வுகளை இரவும் பகலும் இளஞ்சூட்டில் வைத்திருந்தனர். சில நொடிகள் காத்திருக்கப் பொறாத மனிதனுக்காக, மின்சாரம் நாள் முழுதும் காத்துக் கிடந்தது!

இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் ரிமோட் நம் கைக்கு வந்தது. 1993இல் தமிழில் தனியார் ஒளிபரப்பு தொடங்கியபின் அலைவரிசைகள் பெருகின, ரிமோட் இன்றியமையாததாயிற்று. 2006 முதல் மாநில அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களை அடைந்தன. பின்னர்க் கேபிளுக்கென செட்டாப் பெட்டி வந்தது. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் நம் மாவட்டங்களை வாட்டிய மின்வெட்டு, 2012இல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியபோது, வசதியுள்ளோர் இன்வெர்ட்டர் வாங்கினர். கோடையில் மின்னழுத்தம் குறைவதால் ஸ்டெபிலைசர் வந்தது. பிறகு வைஃபை வந்தது. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகவே வந்தது. ஒவ்வொன்றும் தன் சிறு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, அணைக்கப்படாமல் அமர்ந்துவிட்டது.

ஆலயத்தில் நற்கருணைப் பேழையருகே ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது. அது ஏன் எரிகிறது என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லும். நம் கூடத்தில் அணையாமல் எரியும் சிவப்புப் புள்ளி ஏன் எரிகிறது என்று கேட்டால் பெரியோரும் விழிப்பர்.

சிறு துளியின் கணக்கு

அந்தப் புள்ளி எவ்வளவு தின்னும்? புள்ளியாகிய விளக்கு தின்பது மிகச் சொற்பம். அதன் பின்னால் விழித்திருக்கும் சுற்றே தின்கிறது. தொண்ணூறுகளின் குமிழ்க்குழாய்த் தொலைக்காட்சிகள் காத்திருப்பு நிலையில் ஐந்து முதல் பத்து வாட் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். இக்காலத் தட்டைப் பெட்டிகள் பெரும்பாலும் அரை வாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. செட்டாப் பெட்டியோ பல வேளைகளில் ஏமாற்றுக்காரன். ரிமோட்டால் அணைத்தாலும், ஓடும்போது எடுக்கும் எட்டு, பத்து வாட்டில் பெரும்பகுதியை அது தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டெபிலைசர், பழைய டிரான்ஸ்பார்மர் வைத்த ஒலிபெருக்கி, இன்வெர்ட்டர் ஆகியனவும் சில வாட் முதல் பத்து வாட்டுக்கு மேலும் வீணே சூடாக்கிக்கொண்டிருக்கும். கைபேசி சார்ஜரைப் பலர் பெருங்குற்றவாளி என்பர். அது அநியாயப் பழி. கைபேசி இணைக்கப்படாத இன்றைய சார்ஜர் ஒன்று ஆண்டு முழுதும் தொங்கிக் கிடந்தாலும் இரண்டு மூன்று யூனிட்டைத் தாண்டுவதரிது.

ஐந்து வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 24 மணி நேரம், ஆண்டுக்கு 365 நாள். கூட்டினால் ஏறத்தாழ 44 யூனிட். ஒரு வீட்டில் இவ்வாறு விழித்திருப்பவை எல்லாம் சேர்ந்து இருபது வாட் ஆனால், ஆண்டுக்கு 175 யூனிட். இரு மாதக் கணக்கில் 29 யூனிட். நம் கட்டண முறையில் 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் ஏறிவிடும். 490இல் நிற்க வேண்டிய வீட்டை 510க்குத் தள்ளிவிட இந்த 29 யூனிட் போதும்.

இனி நாம் தொடங்கிய இடத்துக்கு இக்கணக்கைக் கொண்டு செல்வோம். மேட்டூர் அணையின் முழு உயரமான 120 அடியிலிருந்து நீர் விழுவதாகக் கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, எவ்வித இழப்பும் இல்லாவிட்டாலும் பத்தாயிரம் லிட்டர் நீர் விழ வேண்டும். சுழலியின் இழப்பையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி. இருபது வாட்டை வீணாக்கும் ஒரு வீட்டுக்காக ஆண்டுக்கு 175 லாரி நீர் அணையிலிருந்து விழ வேண்டும். அனல் மின்சாரமாயின், யூனிட் ஒன்றுக்கு அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடைப்பட்ட நிலக்கரி எரிய வேண்டும்.

ஒரு வீட்டில் தொடங்கிய கணக்கை நாட்டுக்கு விரிப்போம். ஒரு கோடித் தொலைக்காட்சிப் பெட்டிகள் தலா மூன்று வாட் வீதம் காத்திருந்தால், 30 மெகாவாட் ஆகும். செக்கானூர்க் கதவணை மின் நிலையத்தின் முழுத் திறன் அதுவே. நம் மாநிலத்தில் வீட்டு மின் இணைப்புகள் இரண்டு கோடிக்கும் மேல். அவ்வீடுகள் தலா பத்து வாட் வீதம் விழித்திருந்தால் 200 மெகாவாட். மேட்டூர்ச் சுரங்க மின் நிலையம் முழுதும் அதற்கே போதாது. நீர் நிறைந்து, நான்கு சுழலிகளும் ஓயாது சுழன்று, கம்பிகளில் இழப்பே இல்லாமல் வந்து சேர்ந்தாலும், ஒருவரும் பார்க்காத, கேட்காத, பயன்படுத்தாத பெட்டிகளை விழிக்க வைப்பதற்குள் அது தீர்ந்துவிடும்.

உழவனின் மோட்டாரும் நெசவாளியின் தறியும் தின்னும் மின்சாரம் யாருக்கோ சோறாகிறது, துணியாகிறது. வீட்டு விசிறி தின்பது குழந்தையின் உறக்கமாகிறது. காத்திருக்கும் பெட்டி தின்பதோ பெரும்பாலும் வெறும் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. செலவுகளுள் எவருக்கும் பயன்படாத செலவு என்று சொல்லத்தக்கது இதுவே.

உலகம் கண்ட வழி

இதைப் பிற நாடுகள் உணர்ந்ததும் அண்மையில்தான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சார்ந்த ஆலன் மையர் தொண்ணூறுகளில் வீடு வீடாகச் சென்று அளந்து, இந்தக் கசிவின் அளவை வெளிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். வளர்ந்த நாடுகளில் வீட்டு மின்சாரத்தின் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை இவ்வாறு போகிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு. எந்தக் கருவியாயினும் காத்திருப்பு நிலையில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்ற எளிய விதியை அவர் 1998இல் முன்வைத்தார். பன்னாட்டு எரிசக்தி முகமை மறு ஆண்டு அதை ஏற்றுப் பரப்பியது. 2001 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், நடுவண் அரசு அலுவலகங்கள் வாங்கும் கருவிகளுக்கு இவ்விதியைக் கட்டளையாக்கினார். தென்கொரியா, விதியை மீறும் கருவிகளின்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் சட்டம் இயற்றி, 2010 முதல் ஒரு வாட், 2013 முதல் அரை வாட் என எல்லை வகுத்தது.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. 2006இல் நட்சத்திரக் குறியீடு வந்தது. உலகச் சந்தைக்காகச் செய்யப்படும் கருவிகளே நம் கடைகளுக்கும் வருவதால், பிற நாட்டுச் சட்டங்களின் பயனும் ஓரளவு நம் வீட்டில் விளைந்தது. ஆயினும் ஒரு பெட்டி குறைவாகத் தின்னத் தொடங்கிய அதே காலத்தில், பெட்டிகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. சட்டம் ஒரு கருவியின் பசியைக் குறைக்கும். எத்தனை கருவிகள் விழித்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லாது.

நம் சுவரிலேயே உள்ள மருந்து

இங்கே நமக்கு வாய்த்த ஒரு நல்ல மரபைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். அமெரிக்க வீடுகளின் பிளக் பாயிண்டுகளில் பொதுவாகச் சுவிட்சு இருப்பதில்லை; செருகினால் மின்சாரம், பிடுங்கினால் இல்லை. பிரிட்டிஷாரைப் பின்பற்றிய நம் வீடுகளில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்சு உண்டு. அவர்கள் சட்டம் போட்டுத் தேடிய மருந்தில் ஒரு பகுதி நம் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொடாமல் இருக்க நாமே பழகிக்கொண்டோம். தொலைக்காட்சிப் பெட்டிக்கென அலமாரி செய்து, அதன் முதுகுக்குப் பின்னால் சுவிட்சை மறைத்தும் விட்டோம்.

செய்ய வேண்டியவை கடினமல்ல. தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, ஒலிபெருக்கி மூன்றையும் கைக்கெட்டும் இடத்தில் சுவிட்சுள்ள ஒரே நீட்டுப் பலகையில் இணைத்துவிட்டால் ஒரு தட்டில் மூன்றும் உறங்கும். செட்டாப் பெட்டி மீண்டும் விழிக்க ஓரிரு நிமிடம் ஆகலாம். அந்நேரத்தில் உலகம் ஒன்றும் கெட்டுவிடாது. கோடை கழிந்தபின் குளிர்சாதனத்தின் ஸ்டெபிலைசரை அணைத்து வைக்கலாம். நுண்ணலை அடுப்பின் கடிகாரத்தைப் பார்த்து யாரும் நேரம் அறிவதில்லை. குளிர்பெட்டியை மட்டும் அணைக்கலாகாது. இன்வெர்ட்டரையும் அதைப் பொருத்தியவரைக் கேட்காமல் துண்டிக்க வேண்டா. இரவுக் குடும்பச் செபத்துக்கு அமருமுன் தொலைக்காட்சியை அணைக்கும் நல்வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அன்று ரிமோட்டுக்குப் பதில் சுவிட்சை நாடினால், அவ்வழக்கமே இதற்கும் பயன்படும். ஆலயத்தில் பூசை முடிந்தபின் ஒலிபெருக்கியின் மின்னிணைப்பை யார் பார்த்து அணைப்பது என்பதைப் பங்குப் பேரவையில் ஒருவருக்கு ஒப்படைத்தல் நன்று.

இதனாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பழைய கூரை விசிறி எழுபத்தைந்து வாட் எடுக்கும். புதிய வகை முப்பது வாட்டில் அதே காற்றைத் தரும். நாள் முழுதும் விசிறி சுழலும் வீட்டில், அதை மாற்றுவது எல்லாச் சிவப்புப் புள்ளிகளையும் அணைப்பதைவிட மிகுதியான பயன் தரக்கூடும். ஆனால் விசிறி மாற்றப் பணம் வேண்டும். சுவிட்சை அணைக்க விரல் போதும். இல்லாதவராலும் செய்யக்கூடிய சிக்கனம் என்பதே இதன் சிறப்பு.

எவ்வளவு கசிகிறது என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பழைய மீட்டர்களில் அலுமினியத் தட்டு சுழலும். மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு அது அசையாமல் நின்றுவிடுவதும் உண்டு. புதிய எண்முறை மீட்டர் அந்தச் சிறு துளியையும் விடாது எண்ணும். மீட்டர் மாற்றியபின் கட்டணம் கூடியது என்று சிலர் குறைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அந்த மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு சிமிட்டும். யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண்ணும் அங்கே அச்சிட்டிருக்கும். குளிர்பெட்டியைச் சில நிமிடம் மட்டும் நிறுத்தி, விளக்கு, விசிறி அனைத்தையும் அணைத்துவிட்டு, மற்றவற்றை வழக்கம்போல் ரிமோட்டால் மட்டும் அணைத்து, அதன் முன் நின்று பாருங்கள். 3,200 என்று அச்சிட்டிருந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிமிட்டினால், ஏறத்தாழ பத்து வாட் கசிகிறது. அரை நிமிடத்துக்கு ஒருமுறையானால் நாற்பது வாட். பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பள்ளிப் பாடத்தைவிட ஆர்வமாகச் செய்வார்கள்.

மிஞ்சிய துண்டுகள்

திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட லவுதாத்தோ சீ என்னும் சுற்றுமடலில், படைப்பைப் பேணும் அன்றாடச் செயல்களை வரிசைப்படுத்தும்போது, தேவையற்ற விளக்குகளை அணைப்பதையும் சேர்த்தே சொல்கிறார். உலக மக்கள் அனைவருக்கும் எழுதிய மடலில் இவ்வளவு சிறிய செயலுக்கு இடம் ஏன் என்று சிலருக்குத் தோன்றலாம். நற்செய்தியை அறிந்தோர்க்கு அது வியப்பன்று. ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், எல்லாரும் உண்டு நிறைந்தபின், மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கும்படி சீடர்களுக்குச் சொன்னதாக யோவான் எழுதுகிறார். அப்பத்தைப் பெருக்கும் வல்லமை உடையவரே துண்டு வீணாகலாகாது என்கிறார். வல்லமை மிகுதியாக இருப்பது வீணாக்க உரிமை தருவதில்லை. இலவசமாகக் கிடைத்தது வீணாக்கத்தக்கது என்றும் ஆகிவிடாது. அந்த அப்பமும் இலவசமாகத்தான் கிடைத்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இப்பாடம் இன்னும் நெருக்கமானது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தொலைதூர நகரத்தார் அறியாதிருக்கலாம். நமக்கு அது தெரியும். அந்த ஆறு தெரியும். அந்த அனல் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். ஊரை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மோடு ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடுகின்றனர். மின்சாரத்தைப் பயன்படுத்துவதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்கள் விட்டுக்கொடுத்த மண்ணால் தறி ஓடுகிறது, பயிர் விளைகிறது, மாணவன் படிக்கிறான் என்றால் அவர்கள் இழப்புக்குப் பொருள் உண்டு. அதே ஆற்றின் ஒரு பங்கு, வெறுங் கூடத்தில் ஆளின்றி விழித்திருக்கும் பெட்டிகளைச் சூடாக்கவே போகிறது என்றால், அவர்களுக்கு நாம் என்ன விடை சொல்வோம்?

இன்றிரவு கதவைத் தாழிடுமுன் ஒருமுறை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். இருளில் எத்தனை புள்ளிகள் ஒளிர்கின்றன என்று எண்ணுவோம். வேண்டியதை விட்டுவிட்டு, வேண்டாததன் சுவிட்சை அணைப்போம்.